மோதிரம் இருக்கட்டும், ஆயாவின் பெயர் என்ன?

கேள்வி:

அம்மா, வணக்கம். நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் படித்தேன். சுனாமி வந்த வருஷம் நான் பத்தாவது. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். எங்கள் கணக்கு மிஸ் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். 2005 பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய விழா எடுக்க முடிவாகியிருக்கிறது. மண்டபம், ஃபிளெக்ஸ், சால்வை, மிஸ்ஸுக்கு ஒரு சவரன் மோதிரம். தலைக்கு 2000 ரூபாய்.

மிஸ் எனக்குச் செய்தது பெரிது. அரையாண்டில் கணக்கில் ஃபெயில் ஆனதும் அப்பா என்னை நிறுத்தி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்பப் பார்த்தார். மிஸ் வீட்டுக்கே வந்தார். அம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். மிஸ் படியில் உட்கார்ந்து, எப்படி உரிப்பது என்று கேட்டு நாலைந்து இறாலை உரித்துவிட்டு, ‘பப்ளிக் வரைக்கும் விடுங்கம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். விட்டார்கள். கணக்கில் 52 வாங்கினேன்.

ஆனால் என் மனசில் இன்னொருத்தரும் இருக்கிறார். சத்துணவு ஆயா. பள்ளிக்கூடத்தில் திடீரென்று வயிறு வலித்துத் துணி நனைந்துவிட்டால் நாங்கள் ஆயாவிடம்தான் ஓடுவோம். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை இருக்கும். தன் பழைய காட்டன் புடவையைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருப்பார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆண் பிள்ளைகளும் இருக்கும் குரூப்பில் இதை எப்படிச் சொல்வது? ‘ஆயாவையும் கூப்பிடலாம்’ என்று மட்டும் எழுதினேன். ‘ஒரு புடவை எடுத்துக் கொடுத்திடலாம்’ என்று முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. அறிவியல் சாரும் மேடைக்கு வருகிறார். ‘மீன் நாத்தம் வகுப்புக்குள்ள வரக் கூடாது’ என்று என்னைக் கதவோரம் உட்கார வைத்தவர் அவர். எல்லோரும் வரிசையாகக் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கப் போகிறோமாம். நானும் விழ வேண்டுமா? மிஸ்ஸுக்கு நன்றி சொல்லி ஏதாவது எழுதிக் கொடுக்க ஆசை. என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம், காசிமேடு)

பதில்:

வணக்கம்மா. உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கி, பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு மேலே கொடுத்திருக்கிறேன். பெயர்களை எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. கணக்கு மிஸ்ஸின் பெயர் இனிஷியலோடு இருந்தது. அறிவியல் சாரின் பெயர் இருந்தது. அன்றைய ஹெச்.எம். பெயர்கூட இருந்தது. ஆயாவுக்கு மட்டும் எந்த இடத்திலும் பெயர் இல்லை, வெறும் ‘ஆயா’தான். உங்களைக் குறை சொல்லவில்லை. தலைமை ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்காது. விழா வேலைகளில் முதல் வேலையாக அவர் பெயரைக் கண்டுபிடியுங்கள். இப்போது அந்தப் பள்ளியில் இருக்கும் சத்துணவு அமைப்பாளரிடம், பிள்ளைகள் ‘சத்துணவு டீச்சர்’ என்பார்களே, அவரிடம் கேளுங்கள். சமையல் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள். மகள் வீடு, மகன் வீடு என்று எண்ணூர், மணலி பக்கம் போயிருந்தாலும் தெருவில் யாராவது ஒருவருக்கு போன் நம்பர் தெரிந்திருக்கும்.

மோதிர விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். பணியில் இருக்கும் அரசு ஊழியர் வெளியாரிடம் விலை உயர்ந்த பரிசு வாங்குவதற்கு 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளிலேயே கட்டுப்பாடு உண்டு. மாநகராட்சி ஆசிரியர்களும் அந்த மாதிரிக் கட்டுப்பாட்டுக்குள்தான் வேலை பார்க்கிறார்கள். மிஸ்ஸுக்கு வருஷ நடுவிலேயே 60 முடிந்து, கல்வியாண்டு கடைசி வரை மறுநியமனத்தில் இருந்தாலும் அவர் பணியில் இருப்பவர்தான். கடைசி மாதத்தில் பென்ஷன் பேப்பர், பணிப்பதிவேடு, பொறுப்பு ஒப்படைப்பு என்று அலைந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் மேடையில் மோதிரம் போடும் வீடியோ நாலு குரூப்பில் சுற்றினால் அவர் ரசிக்க மாட்டார். ‘அப்போ ஜூன் 1-க்கு அப்புறம் போடலாமே’ என்று உங்களில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். விதிச் சிக்கல் குறையும்தான். ஆனால் தங்கம் விற்கிற விலையில் ஒரு சவரன் கைக்கு வந்ததும் கணக்கு டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். யார் யாரிடம் எவ்வளவு வசூலித்தார்கள், இவனால் முடிந்ததா, அவளால் முடிந்ததா என்று.

அந்தத் தலைக்கு 2000-தான் எனக்கு இன்னும் பெரிய உறுத்தல். காசிமேட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். போட்டில் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், ஏலத்தில் எடுத்துக் கூடையில் விற்கிறவர், இறால் உரிக்கிறவர், எல்லோருக்கும் கை வறண்டிருக்கிற மாதங்கள். அதன் நட்ட நடுவில் நீங்கள் விழா வைக்கிறீர்கள். அடுத்து ஜூனில் அவரவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிற செலவு வேறு. உங்கள் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் கடலை நம்பி இருக்கிறார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். 2000 கொடுக்க முடியாதவர் குரூப்பில் ‘என்னால முடியாது’ என்று எழுத மாட்டார். ‘அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டேன் மச்சான்’ என்று எழுதுவார். நீங்களும் நம்பிவிடுவீர்கள். மிஸ் மேடையிலிருந்து தேடுகிற முகம் அவருடையதாக இருக்கலாம்.

அதனால் தொகையை நிர்ணயிக்காதீர்கள். முடிந்தவர் முடிந்ததை அனுப்பட்டும், முடியாதவர் சும்மா வரட்டும். பணம் அனுப்பியவர்களின் பட்டியலைக் குரூப்பில் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை நிறுத்துங்கள். வரவு மொத்தம் எவ்வளவு, செலவு எதற்கு எவ்வளவு என்று மட்டும் போட்டால் போதும். வசூல் ஒருவர் ஜிபேயில் மட்டும் சேராமல், இரண்டு பேர் பொறுப்பில் இருந்தால் பின்னால் பேச்சு வராது. சால்வையும் ஒன்று போதும். எனக்கு வந்த சால்வைகளுக்கு பீரோவில் ஒரு தட்டே ஒதுக்க வேண்டியிருந்தது. மார்கழியில்கூட நம் ஊரில் அதைப் போர்த்த முடியாது.

இனி மிஸ்ஸுக்கு எழுதுவதைப் பற்றி. எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டால் அதோடு சரி. நாங்கள் செய்தவற்றில் எது பலித்தது, எது வீணாகப் போனது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. ரிசல்ட் வருவது மார்க்குக்கு மட்டும்தான். உழைத்து உழைத்து நடத்திய பாடம் ஒருத்திக்கும் ஞாபகம் இருக்காது. போகிற போக்கில் செய்த ஏதோ ஒன்றை ஒருத்தி இருபது வருஷம் வைத்திருப்பாள். வைத்திருக்கிறாள் என்பதே அந்த ஆசிரியருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. வியாசர்பாடியில் நான் வகுப்பாசிரியையாக இருந்த காலத்து மாணவி. 2003, 2004-இல் சென்னையில் கொடுமையான தண்ணீர்ப் பஞ்சம். காலையில் மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் குடத்தை விட்டுவிட்டு நகர முடியாது. அந்தப் பெண்ணின் அம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவாராம். இவள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் முதல் மணி முடியப் போகுமாம். ‘மிஸ், ரிஜிஸ்டரில் எனக்கு ஆப்சென்ட் போடாமல் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பீர்கள். நான் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, என்னைப் பார்க்காமலே அதன் மேல் பேனாவால் பிரசென்ட் போடுவீர்கள். லேட்டானாலும் போகலாம், புள்ளி இருக்கும் என்ற தைரியத்தில்தான் நான் வந்தேன்’ என்று எழுதியிருந்தாள். புள்ளி வைத்தது எனக்கு ஞாபகமே இல்லை. லாரிக்காக எத்தனையோ பேர் லேட்டாக வந்தார்கள், எல்லோருக்கும் வைத்திருப்பேன். அவள் முகத்தைக்கூட வகுப்பு போட்டோவை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எனக்கு வந்த வாழ்த்து மடல்கள், ஃபிரேம் போட்ட பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. இந்த ஒரு தாள் கைப்பையில் இருக்கிறது.

நீங்களும் அப்படி ஒன்றை எழுதுங்கள். ‘ஆசிரியர் ஒரு ஏணி’, ‘ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி’ எல்லாம் வேண்டாம். செப்டம்பர் 5 வந்தால் எல்லா ஆசிரியரும் கேட்டு அலுத்தவை அவை. மிஸ்ஸுக்கு இறால் உரித்தது ஞாபகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அவர் கிளம்பிப் போன பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அன்று ராத்திரி அப்பா என்ன சொன்னார்? அம்மா என்ன பதில் சொன்னார்? எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரரிடம் யார் போய் வேண்டாம் என்றது? மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது உங்களுக்கு எப்படி இருந்தது? இதில் ஒன்றும் மிஸ்ஸுக்குத் தெரியாது. உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்லவும் முடியாது. அதை எழுதுங்கள். அந்த 52-க்கு அப்புறம் எங்கே சேர்ந்தீர்கள், ஃபீஸ் எப்படிக் கட்டினீர்கள், லேப் வேலைக்கு எப்படி வந்தீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று பின்பக்கம் எழுதுங்கள். டைப் அடிக்காதீர்கள், கையால் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். மேடையில் படிக்கவும் வேண்டாம். மைக் பிடித்துப் படித்தால் மண்டபத்துக்காக எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டும்.

குரூப்பில் மற்றவர்களிடமும் ஆளுக்கு ஒரு தாள் கேளுங்கள். கொஞ்சமாக எழுதுவார்கள், அலுத்துக்கொள்வார்கள். எழுத வராதவர்கள் இருப்பார்கள். அவர்கள் போனில் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது தாள் சேர்ந்தால் தைத்து அட்டை போட்டுக் கொடுக்கலாம். மோதிரத்துக்குப் பதில் என்ன என்று கேட்பார்களே, அவர்களுக்கு இதுதான் பதில்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விழாவில் யாராவது ஒருவர் சத்துணவின் வரலாற்றைப் பேசுவார். கொருக்குப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதைச் சொல்வார். 1956-இல் காமராஜர், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். என்று வரிசையாக வரும். இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் பெருமையாகச் சொல்ல வேண்டியவைதான். சோற்றை வடித்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. வேலையும் சாதாரண வேலை இல்லை. அந்தப் பெரிய அண்டாவை இரண்டு பேராகத் தூக்கி இறக்கியே இடுப்பு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2003 ஏப்ரலுக்கு முன்பு வேலையில் சேர்ந்தவராக இருந்தால் மிஸ்ஸுக்குப் பழைய ஓய்வூதியம் மாதாமாதம் வரும். ஆயாவுக்கு வருவது ‘சிறப்பு ஓய்வூதியம்’ என்ற பெயரில் ஒரு சின்னத் தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு மோதிரம் என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

அந்த மஞ்சள் பையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, தலைமை ஆசிரியையாக இருந்ததால் எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. சத்துணவு ஸ்டாக் அறையில் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி மூட்டையை எண்ணுவார், எடை பார்ப்பார். மூட்டைக்குப் பின்னால் பழந்துணிப் பை இருந்தால், ‘இது என்ன, சமையல் கூடத்தில் அழுக்குத் துணி’ என்று கேள்வி வரும். ஹெச்.எம்.முக்கும் திட்டு, ஆயாவுக்கும் திட்டு. அது ஆயாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் வைத்திருக்கிறார். இலவச நாப்கின் திட்டத்தை அரசு அறிவித்ததே 2011-இல்தான், அதுவும் முதலில் கிராமப்புறங்களுக்கு. நீங்கள் படித்த காலத்தில் ஒரு பெண் பிள்ளை பாதிப் பள்ளியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அப்படியே நாலு நாள் வரமாட்டாள். சிலர் அப்புறம் வரவே மாட்டார்கள். ஆயா உங்களை வீட்டுக்கு அனுப்பாமல் அடுத்த மணிக்கு வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். மிஸ் நடத்திய கணக்கு உங்கள் காதில் விழ நீங்கள் வகுப்பில் இருக்க வேண்டுமே!

இதை மேடையில் சொல்வதா வேண்டாமா? என் அபிப்பிராயம், விழாவில் முதல் தடவையாகச் சொல்லக் கூடாது. கூச்சத்துக்காக மட்டும் இல்லை. ஆயாவே எதிர்பார்க்காமல் முந்நூறு பேர் முன்னால் அவருடைய பழைய புடவைக் கதையைக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் வீட்டுக்குப் போங்கள். அந்தப் பையிலிருந்து துணி வாங்கிய பெண்கள் நாலைந்து பேர் உங்கள் குரூப்பில் நிச்சயம் இருப்பார்கள். தனியாக அவர்களுக்கு போன் செய்து கேளுங்கள், ‘மஞ்சப் பை ஞாபகம் இருக்கா’ என்று கேட்டாலே போதும். எல்லோருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். போய் நேரடியாகவே சொல்லுங்கள். ‘ஆயா, நீங்க துணி குடுத்தீங்க, அதனால ஸ்கூலுக்கு லீவு போடாம வந்தோம், நான் இப்போ ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன்.’ இவ்வளவுதான். ‘அதெல்லாம் என்னா இப்போ’ என்று தள்ளிவிடுவார். உங்கள் முகம் அவருக்கு அடையாளம் தெரியாமலும் போகலாம். மனம் தளர வேண்டாம். ஆயிரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவருக்கு உங்களை எப்படித் தெரியும்? பையைப் பற்றிச் சொன்னால் தெரியும்.

புடவை கொடுப்பதில் தப்பே இல்லை. அதை குரூப் கணக்கில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். அவர் கிழித்துக் கொடுத்தது அவருடைய புடவைகள். துணி வாங்கிய நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய், நல்ல காட்டன் புடவைகளாக, கட்டிப் புழங்குகிற மாதிரி, ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோங்கள். பட்டெல்லாம் பெட்டியில்தான் கிடக்கும்.

பேட்ச் சார்பாகக் கொடுக்க வேண்டியது வேறு. மோதிரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி ஆயாவுக்குப் போகட்டும் என்று குரூப்பில் சொல்லிப் பாருங்கள். மிஸ்ஸிடமே ஒரு வார்த்தை கேட்டாலும் அவரும் அதைத்தான் சொல்வார் என்பது என் கணிப்பு. எப்படிக் கொடுப்பது? மேடையில் கவரைக் கொடுத்து போட்டோ எடுக்காதீர்கள். முதலில் அவருக்கு என்ன தேவை என்று பாருங்கள். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம், கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போட்டிருக்கலாம், முட்டி வலியாக இருக்கலாம். நீங்கள் மருத்துவமனையில் இருப்பவர், எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். பணத்தைவிட அது பெரிய உதவி. தொகையாகக் கொடுப்பதானால் தபால் நிலையத்தில் மாத வருமானத் திட்டம் இருக்கிறது. அவர் பெயரில் 5 வருஷத்துக்குப் போட்டால் மாதாமாதம் வட்டி அவர் கணக்கில் விழும், முதல் அப்படியே இருக்கும். மொத்தமாகக் கையில் கொடுத்தால் வீட்டில் யாராவது ஒரு அவசரத்துக்கு எடுத்துவிடுவார்கள், அந்த அவசரமும் நிஜமாகத்தான் இருக்கும். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உணர்ச்சிவசப்பட்டு ‘இனி மாதாமாதம் நாங்க அனுப்புறோம் ஆயா’ என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். மூணாவது மாதம் நின்றுவிடும், நாலாவது மாதம் அவர் பேங்க் வாசலில் நிற்பார்.

விழாவில் அவருக்கு மேடையில் நாற்காலி வேண்டும், மிஸ்ஸுக்குப் போடுகிற அதே நாற்காலி. அழைப்பிதழிலும் ஃபிளெக்ஸிலும் பெயர், பெயருக்குக் கீழே ‘சமையலர், சத்துணவு மையம்’ என்று பதவி, மற்றவர்களுக்குப் போட்ட அதே எழுத்து அளவில். வீட்டிலிருந்து கூட்டிவர ஆட்டோவோடு ஒரு ஆளை அனுப்புங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் இருந்தால் ‘மெட்ரோவில் வந்துடுங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். அறிமுகம் செய்வது ஒரு பெண்ணாக இருக்கட்டும். ‘இவர் நமக்குச் சோறு போட்டார், பெண் பிள்ளைகள் அவசரம் என்று ஓடியபோதெல்லாம் கூட நின்றார்’ என்றால் புரிகிறவர்களுக்குப் புரியும். வீட்டில் பேசும்போது ஆயாவே ‘சொல்லேன், அதுக்கு என்னா’ என்றால் முழுசாகவே சொல்லுங்கள். உங்கள் வகுப்புப் பையன்களுக்கு இப்போது 36, 37 வயது, பாதிப் பேருக்கு வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் பள்ளியில் வாட்ச்மேன், பெருக்குகிறவர், லேப் உதவியாளர் என்று வேறு யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆயாவைத் தேடும்போதே அவர்களையும் விசாரித்துவிடுங்கள்.

அறிவியல் சார் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. விழ வேண்டாம். மற்றவர்கள் வரிசையில் போகும்போது நீங்கள் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். யாராவது கவனித்து ‘குருவாச்சே, பழசைக் கிளறலாமா’ என்றால், கிளறவில்லை, கும்பிடவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு சேர்த்து மனதைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நீங்கள் படித்தபோது அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அவர் செய்தது அன்றைக்கும் தப்புதான், அவருக்கும் தெரியும். மீன் வாடையோடு வந்த உங்களை ஒருவர் கதவோரம் உட்கார வைத்தார், இன்னொருவர் உங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து இறால் உரித்தார். இருவருக்கும் ஒரே கும்பிடு போட்டால் இரண்டாமவருக்குச் செய்தது என்ன?

அதற்காக அவரை அழைக்கக் கூடாது என்று குரூப்பில் சண்டை போடவும் வேண்டாம். அவரால் நல்லது நடந்த பிள்ளைகளும் அங்கே இருக்கலாம், அது அவர்கள் பாடு. எதிரே வந்தால் ‘வணக்கம் சார்’ போதும். அவராக அருகில் வந்து பேசினால், சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், தனியாக, குரல் உயர்த்தாமல் சொல்லலாம். சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் பள்ளி வளாகத்தையே கேட்டுப் பாருங்கள். மே மாதம் விடுமுறை, வகுப்புகள் நடக்காது, இப்போதைய ஹெச்.எம். மூலம் மாநகராட்சிக் கல்வித் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கத்திரி வெயில் என்பதால் மாலையில் வையுங்கள். வாடகை மிச்சமாகும். அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வரும், உடனே ஒருவர் ஆர்.ஓ. வாட்டர் மெஷின் என்பார். ஃபில்டர் மாற்ற ஆள் இல்லாமல் மூலையில் நிற்கும் மெஷின்கள் பள்ளிக்குப் பள்ளி உண்டு. அதற்குப் பதிலாக, உங்களில் இரண்டு பெண்கள் போய்ப் பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறதா? அவசரத்துக்கு நாப்கின் யாரிடம் கேட்பது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறதா? இப்போது அங்கே சமைக்கிற அக்காவிடமும் கேளுங்கள், டீச்சரிடம் சொல்லாததைப் பிள்ளைகள் அவரிடம் சொல்லியிருப்பார்கள். என்ன குறை என்று எழுதிக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போங்கள். 2024-இல் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளிக் குழுவில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்து, அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள்.